மூன்று சார்ட், ஒரே விலை

பங்குச் சந்தை வகுப்புகளில் தவறாமல் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. வாரச் சார்ட்டில் டிரெண்டைப் பார், நாள் சார்ட்டில் வாய்ப்பைத் தேடு, 15 நிமிடச் சார்ட்டில் உள்ளே போ. மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் தைரியமாக வாங்கலாம் என்பார்கள். இந்த முறையால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் பலரும் தேடுகிற இடத்தில் இல்லை என்பது என் கருத்து.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதிய சார்லஸ் டோ, ஆண்டுக்கணக்கில் ஓடும் போக்கு, அதற்குள் சில வாரங்கள் நீளும் ஏற்ற இறக்கம், அன்றாட அசைவு என்று சந்தையை மூன்று அடுக்காகப் பார்த்தார். அதை வாங்க, விற்க உதவும் விதியாக்கியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் எல்டர். 1986-ல் அவர் வெளியிட்ட ‘டிரிபிள் ஸ்கிரீன்’ முறையில் பெரிய சார்ட்டின் வேலையே தடுப்பதுதான். வாரச் சார்ட் ஏறுமுகமாக இருந்தால் ஷார்ட் போகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். என் பார்வையில் இம்முறையின் பெரிய பலம் இந்தத் தடுப்பு. நம் சந்தையில் 5 நிமிடச் சார்ட் பார்ப்பவருக்கு ஒரு நாளைக்கு 75 கேண்டில்கள் கிடைக்கின்றன. எதைப் பார்த்தாலும் சிக்னல் போலவே தெரியும். டிரெண்டுக்கு எதிரானவற்றைத் தொடாமல் விட்டாலே புரோக்கரேஜும் வரியும் மிச்சம், மனசும் நிதானப்படும்.

சிக்கல் ‘உறுதிப்படுத்தல்’ என்ற நம்பிக்கையில் இருக்கிறது. மூன்று சார்ட் ஒத்துப்போனால் மூன்று ஆதாரம் கிடைத்ததாக எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரே சாட்சியை மூன்று முறை விசாரிப்பது. 15 நிமிடச் சார்ட்டில் நாளொன்றுக்கு 25 கேண்டில்கள். அதில் 125 கேண்டில் மூவிங் ஆவரேஜ் போட்டாலும், நாள் சார்ட்டில் 5 நாள் ஆவரேஜ் போட்டாலும் கணக்கில் வருவது அதே ஐந்து நாள் விலைதான். இரண்டும் சேர்ந்து ஏறுவதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. அதை நம்பி வாங்கும் அளவைக் கூட்டுவது ஆபத்து.

இன்னொரு சிக்கல், இன்னும் முடிவடையாத கேண்டில். 2024 ஜூன் 3, திங்களன்று, தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளின் உற்சாகத்தில் நிஃப்டி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு வந்தபோது 21,884.50-க்குச் சரிந்தது. செவ்வாய் மாலை வாரச் சார்ட்டைத் திறந்தவர் கண்டது நீண்ட சிவப்புக் கேண்டில். வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290.15-ல் முடிய, அதே கேண்டில் சிறிய உடலும் கீழே நீண்ட வாலுமாக மாறியிருந்தது. பிற்பாடு பழைய சார்ட்டை வைத்து இந்த முறையைச் சோதிப்பவர் வெள்ளிக்கிழமைக் கேண்டிலைத்தான் பார்ப்பார். செவ்வாயன்று முடிவெடுத்தவருக்கு அது கிடைத்திருக்காது. முந்தைய வாரம் முடிந்த கேண்டிலை மட்டும் எடுத்துக்கொள்வது இதற்கு மாற்று. தகவல் தாமதமாகும் என்றாலும் அது பொய்க்காது.

கேண்டில் வெட்டும் அளவும் கவனிக்க வேண்டியது. நம் சந்தை 9.15 முதல் 3.30 வரை 375 நிமிடம் நடக்கிறது. ஒரு மணி நேரச் சார்ட்டின் கடைசிக் கேண்டில் வெறும் 15 நிமிடம்; அதையும் மற்றவற்றோடு சமமாக எண்ணுகிறோம். 75 நிமிடச் சார்ட் வைத்துக்கொண்டால் நாள் சரியாக ஐந்தாகப் பிரியும்.

பணம் அதிகம் போவது ஸ்டாப்லாஸில். 1,000 ரூபாய்ப் பங்கு ஒன்று. நாள் சார்ட்டின்படி ஸ்டாப்லாஸ் 960, 15 நிமிடச் சார்ட்டின்படி 988 என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் வரை இழக்கலாம் என்று இருப்பவர் முதல் கணக்கில் 150 பங்கு வாங்கலாம், இரண்டாவதில் 500. இலக்கு அதே என்றால் லாபம் மூன்று மடங்குக்கு மேல். சின்னச் சார்ட்டைச் சேர்ப்பதில் இருக்கும் கவர்ச்சி இதுதான், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்தப் பங்கு சாதாரணமாகவே தினம் 25 ரூபாய் ஆடும் என்றால் 12 ரூபாய் ஸ்டாப்லாஸ் அடிக்கடி அடிபடும். அடிபடும் நேரத்தில் கை நாள் சார்ட்டைத் திறக்கிறது. ‘960 உடையவில்லையே, டிரெண்ட் அப்படியே இருக்கிறதே’ என்று காத்திருக்கிறோம். கையில் இருப்பதோ 500 பங்கு. 960-ம் உடைந்தால் நட்டம் 6,000 அல்ல, 20,000. எந்தச் சார்ட்டைப் பார்த்து வாங்கும் அளவைத் தீர்மானித்தோமோ அதே சார்ட்டில்தான் வெளியேற வேண்டும். இந்த விதியை அழுத்திச் சொல்லாமல் மூன்று சார்ட் முறையைக் கற்றுக்கொடுப்பது, மாணவர் கையில் சாக்கை எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ) வர்த்தகத்தில் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தச் சந்தைக்குள் புதிதாக வருபவருக்கு இந்த முறையைச் சொல்லித்தருபவர்கள், முடிந்துபோன சார்ட்டை மட்டும் திரையில் காட்டுவதை நிறுத்த வேண்டும். வலப்பக்கத்தை மறைத்து, செவ்வாய் மாலை வரை மட்டும் காட்டி, இப்போது என்ன செய்வாய், எத்தனை பங்கு, எங்கே வெளியேறுவாய் என்று கேட்க வேண்டும்.