மூலத்தைத் தொடாத கைவண்ணம்

2004 டிசம்பர் சுனாமிக்குச் சில நாட்களிலேயே இலங்கைக் கணினித் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கியது ‘சஹானா’. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் என்று பல நிறுவனங்களும் ஒரே இடத்தில் பதிந்து பார்க்கும் திறந்தமூல மென்பொருள். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் உதவியது.

ஊருக்கு ஊர் தேவை மாறும். பைதானில் எழுதிய பிந்தைய ‘ஈடன்’ பதிப்பு அதற்கு வைத்திருக்கும் வழி அழகானது: மூல நிரலில் கைவைக்காமல், டெம்ப்ளேட் கோப்புறையில் தனி அமைப்புக் கோப்பு எழுதி, படிவத்தில் வேண்டாத கட்டங்களை மறைக்கலாம். மூலம் புதுப்பிக்கப்படும்போது நம் வேலை அழியாது.

தமிழும் சிங்களமும் புழங்கும் இலங்கையின் எஹலியகொட போன்ற ஊரை நினைத்தால் இன்னொரு வழக்கமே முதன்மை. திரைச் சொற்களை நிரலில் நேரே பதிக்காமல், மொழிபெயர்ப்புக் கோப்பு வழியே காட்டவேண்டும். அப்போது மண்சரிவுக் காலத்தில் தோட்ட லயத்துக் குடும்பத்தைத் தமிழிலும் பக்கத்துக் கிராமத்தைச் சிங்களத்திலும் ஒரே படிவத்தில் பதியலாம்.