ஒளிக்கும் ஓர் ஓரக்குறிப்பு

கொடிய வெயிலையும் ஆழ்ந்த நிழலையும் ஒருங்கே காட்டுவதாகச் சொல்லப்படும் எச்.டி.ஆர். நிழற்படங்கள் பலவற்றில் நிழலையே நாம் காண முடிவதில்லை. பள்ளிவாசலின் உள்மண்டபத்தைப் படமெடுப்போர், சாளரத்துக்கு அப்பாலுள்ள வெயிலையும் மிஹ்ராபின் உட்குழிவையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்திவிடுகின்றனர். தூணின் கீறல்களெல்லாம் தெரிகின்றன. கண்தான் தங்க இடமின்றி அலைகிறது.

இக்குறை உத்தியினுடையதன்று. அக்காலத் தகடுகள் வானையும் கடலையும் ஒருங்கே பதிய மறுத்தன. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1857-இல் செத் நகரத்துக் கடலலையைப் படமாக்கியபோது, வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரு நெகடிவ்களை அடிவானத்தில் இணைத்தார். அலையின் கருமையை அவர் வெளுக்கவில்லை. 1997-இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், ஒரே காட்சியை வெவ்வேறு நேர அளவு ஒளிபடவிட்டு எடுத்த படங்களிலிருந்து அதன் மெய்யான ஒளியளவைக் கணித்தறியும் வழியை வெளியிட்டனர். அந்தப் பேரளவைச் சிறு திரைக்குள் அடக்கப் புகுந்தவர்களே வரம்பு மீறினர்.

விண்மீன்கள் பகலில் மறைவதை எடுத்துக்காட்டி, வலிய ஒளி மெலிய ஒளியை மறைக்கும் என்று இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் விளக்கியுள்ளார். மறைவதும் பார்வையின் இயல்பே என்பதை இவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த ‘அல்ட்ரா எச்.டி.ஆர்.’ வேறு வகையினது. லைட்ரூம் மென்பொருளும் அவ்வாண்டே இவ்வழியில் இறங்கிற்று. ஒரே ஜேபெக் கோப்பில் சாதாரணப் படமும், எவ்விடத்தில் எவ்வளவு ஒளி கூட்டலாம் எனக் குறிக்கும் ‘கெயின் மேப்’ என்னும் துணைப்படமும் சேர்ந்திருக்கும். மத்ரஸாக் கிதாபுகளைப் புரட்டியோர்க்கு இவ்வமைப்புப் பழகியதே: நடுவில் மத்னு, ஓரத்தில் ஹாஷியா. ஆற்றலுள்ள திரை ஹாஷியாவையும் சேர்த்து வாசிக்கும். அப்போது தொங்கும் விளக்கு, திரையின் வழக்கமான வெண்மையை விஞ்சி ஒளிரும், தூண்கள் தத்தம் நிழலிலேயே நிற்கும். பிற திரைகள் மத்னோடு நிறுத்திக்கொள்ளும்.

ஆனால், படத்தைப் பிறர்க்கு அனுப்பும்போதுதான் இடர். இடையிலுள்ள செயலி படத்தைச் சுருக்கி மறுபதிவு செய்கையில் துணைப்படத்தை உதறிவிடுவதுண்டு. சோம்பேறிப் பிரதியாளர்கள் எக்காலத்திலும் இருந்தனர்! பெறுபவர் கையில் எஞ்சுவது மத்னு மட்டுமே. அதைத் தனியே திருத்திக்கொள்ள லைட்ரூமில் எஸ்.டி.ஆர். முன்னோட்டமும் அதற்குரிய அளவைகளும் உள்ளன. ஒளிமிக்க தம் திரையழகில் மயங்கி அவற்றைத் தொடாமலே அனுப்புவோரின் படங்கள், விளக்கு வெளிறி, சுவர் மங்கி நம்மை வந்தடைகின்றன. அவற்றை எச்.டி.ஆரின் குறையெனப் பழிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.