கதையின் காலமும் காசின் காலமும்

நாவல் படிப்பதா, வரலாறு படிப்பதா என்னும் வினா நம் வாசகரிடையே அடிக்கடி எழுகிறது. ஒன்றைப் பொழுதுபோக்கு என்றும் மற்றொன்றை அறிவு என்றும் பிரித்து விடை கூறிவிடுகிறோம். கையிலுள்ள நூல் எந்தக் காலக்கணக்குக்குக் கட்டுப்படுகிறது என்று கேட்பதே பயனுடையது. வரலாற்றாசிரியர் ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டவர். நாவலாசிரியர் ஆண்டுகளைத் தம் கதைக்கு இசையச் செய்பவர்.

பகவான் எஸ். கித்வானி 1976இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘திப்பு சுல்தானின் வாள்’ என்னும் நாவல் இதற்குத் தக்க சான்று. ஆங்கிலேயர் எழுத்துகள் கொடுங்கோலனாகத் தீட்டிய மன்னரை மனிதராக வாசகர் அருகே கொண்டுவந்தது அதன் சிறப்பு. அதனைத் தழுவிய தொடர் 1990இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, இது கற்பனைப் படைப்பு என்னும் அறிவிப்பும் உடன் வந்தது. அவ்வறிவிப்பைக் காட்டித் திப்புவின் பெருமையனைத்தும் கட்டுக்கதை என்று கூறுவது பிழை. அதை மறுக்கப் புகுந்து நாவலின் உரையாடல்களைத் திப்புவின் வாய்மொழியாக மேடையில் எடுத்துரைப்பதும் அதே பிழையே. கற்பனையை ஆவணமாக முன்வைத்தால், அது கற்பனை என வெளிப்படும் நாளில் மெய்யான ஆவணமும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும்.

மெய்யான ஆவணத்தைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும். திப்பு தம் ஆட்சியில் மௌலூதி என்னும் புதிய ஆண்டுக்கணக்கை நடைமுறைப்படுத்தினார். அது ஹிஜ்ரி ஆண்டைவிட ஏறத்தாழ 13, 14 எண் மிகுதியானது. அவ்வகைக் காசுகளில் ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 6121 எனத் தோன்றுவதை 1216 எனப் படிக்க வேண்டும். அது ஏறத்தாழ கி.பி. 1788.

திண்டுக்கல் வாசகர்க்கு இவ்விழிப்பு இன்றியமையாதது. 1755இல் ஹைதர் அலீ இங்கே பௌஜ்தாராக அமர்ந்தார். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி கம்பெனியார் வசமாயிற்று. 1755இல் திப்பு சிறுவர். அவ்வாண்டில் அவர் வாளேந்தி மலைக்கோட்டை ஏறியதாக ஒரு நாவல் எழுதலாம். வரலாறு எழுத முடியாது. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியுள்ள இடம் என்பதால் பேகம்பூர் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வம்மையாரின் தனிமையையும் துயரையும் சொல்ல நாவலே ஏற்ற வடிவம்.

இப்பகுத்தறிதல் நமக்குப் புதியதன்று. அறிவிப்பாளர் இருவர் பிறந்த, மறைந்த ஆண்டுகளை ஒப்பிட்டு, அவர்கள் சந்தித்திருக்க இயலுமா என ஆராய்ந்த பின்னரே ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்றனர். அந்த அளவுகோலை வரலாற்று நூல்களுக்கு நாம் தவறாது பயன்படுத்த வேண்டும். நாவலை அதன் மனித உண்மையால் மதிப்பிடுவோம். அதிலுள்ள ஆண்டையும் கூற்றையும் மேடைக்குக் கொண்டுசெல்லுமுன், ஆவணத்தில் தேடிப் பார்ப்போம்.