மெய்ப்பாடும் நடிகர் முகப்படமும்

நடிக்க வாய்ப்பு வேண்டும் இளைஞர் தம் முகப்படத்தை முன்னதாக அனுப்புதல் இன்றைய வழக்கு. எம் தோட்டப் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன், தொலைக்காட்சி நாடகத்திற்கு ஆள் தேர்கின்றனர் எனக் கேள்வியுற்று, தன் படங்களைக் கொணர்ந்து, "சார், இதில எது நல்லா இருக்கு?" என வினவினான். ஒன்பது படங்கள்; படத்திற்கு ஒரு சுவை! 1964-இல் வெளிவந்த 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் காட்டிய ஒன்பது சுவைகளையும் ஒரே பிற்பகலில் காட்டிவிட முயன்றிருக்கின்றான். அதனினும் கொடிது, படம் எடுத்த கடைக்காரர் அவனது கரிய முகத்தைக் கணினியால் வெளுப்பாக்கித் தந்தது. ஆறாண்டு பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

இவ்விடத்துத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணையாகும் என்பது என் துணிபு. மெய்ப்பாடு எட்டு எனக் கூறி அமையாது, ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் ஆசிரியர் வகுத்தார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை. உள்ளத்தே காரணம் நிகழாது முகத்தே குறி தோன்றாது என்பதன்றோ இதன் உட்கிடை? "சிரி தம்பி" என்றவுடன் பல்லைக் காட்டுதல் நகை ஆகாது. எள்ளலோ இளமையோ பேதைமையோ மடனோ அங்கு இல்லை.

அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதை உரையுள் வெகுண்டோன், நாணமுற்றோன், துயிலுணர்ந்தோன், நஞ்சுண்டோன் முதலாக இருபத்து நான்கு அவிநயங்களைப் புறக்குறிகளோடு காட்டுகின்றாரே என ஆசிரிய நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். தக்க தடையே. ஆயினும் அவை ஆடலரங்கிற்கு உரியன. தொலைவில் இருப்பான் காண, உடல் முழுவதும் பேச வேண்டும். முகப்படமோ ஒரு முழத் தொலைவிலிருந்து நோக்கப்படுவது. அங்கே துடிக்கும் புருவம் மிகை; கண்ணின் சிறு அசைவே போதும்.

அங்ஙனமாயின் எந்த மெய்ப்பாட்டோடு கருவியின் முன் அமர்வது? நடுவுநிலை என்பேன். தொல்காப்பியர் இதனை எட்டனுள் வையாது, வேறாகத் தொகுத்த முப்பத்திரண்டனுள் வைத்தார். சமநிலை உலகியல் நீங்கினார்க்கு உரியது என்பது உரைமரபு. நடிகன் துறவியல்லன், எனினும் எச்சுவையும் ஏறத்தக்க வெற்றிடமாக அவன் முகம் இருத்தல் வேண்டும். தேர்வாளர் தேடுவது அவ்விடத்தையே.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) படத்தை ஆசிரியர்கள் பார்த்திருப்பர். 2016-இல் நாட்டின் சிறந்த திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய். அவன் முகத்தில் பூச்சு இல்லை. நம் வகுப்பறைக் கடைசி வரிசையில் காணும் முகம். அதனை வெளுப்பாக்கியிருந்தால் படமே பொய்த்திருக்கும். கரிய முகத்தைக் குறையென எண்ணப் பிள்ளைகளுக்கு யார் கற்பித்தது? நாமும் ஆண்டு விழா நாடகத்தில் அரசன் வேடத்தைச் சிவந்த பையனுக்கே கொடுத்து வந்தோம். நானும் கொடுத்தேன்.

மறு சனிக்கிழமை காலை அவனை வரச் சொன்னேன். முதல்நாள் இரவு நன்றாக உறங்கி வா, கோடும் பூவும் இல்லாத ஒற்றை நிறச் சட்டை அணி, முகத்தில் மாவு அப்பாதே என்றேன். பள்ளித் தாழ்வாரத்தில் வெயில் நேரே விழாத பக்கமாக அமர்த்தி, இளம் ஆசிரியர் ஒருவர் தம் கருவியோடு நிற்க, அவன் பாட்டி விடியலில் பால்மரம் வெட்டப் போன கதையைக் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்திச் செம்பனை வரிசைகளைப் பார்த்தான். அந்தக் கணத்தில் எடுத்த படத்தைத் திருத்தமின்றி அனுப்பியிருக்கின்றான். விடை இன்னும் வரவில்லை.