வாக்கில் இடறியவர்கள்

'வாக்கு' என்னும் ஒரு சொல்லே நம் மொழியில் பேச்சையும் குறிக்கிறது. தேர்தலில் நாம் அளிக்கும் ஓட்டையும் குறிக்கிறது. அமெரிக்க நாட்டின் ஜனாதிபதி பதவிக்கு முயன்று தோற்றோரின் வரலாற்றைப் படிக்குந்தோறும், இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடப்பதை நாம் காண்கிறோம்.

அந்நாட்டில் நவம்பர் மாதப் பொதுத் தேர்தலுக்கு முன்னர், கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலந்தோறும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கின்றனர். இதனை முதனிலைத் தேர்தல் எனலாம். நெடுங்காலம் நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலமே இதில் முந்தி நின்றது; 1972 முதல் ஐயோவா மாநிலத்துக் கட்சிக் கூட்டங்கள் அதற்கும் முந்தலாயின. இத்தொடக்கக் கட்டத்தில் வேட்பாளரை அளந்தறிய மக்களுக்குப் பெரிதும் துணையாவது அவருடைய பேச்சேயாகும். ஆகவே ஒரு நூலை ஆராய்வது போலவே அப்பேச்சுகளையும் ஆராயலாம் என்று கருதுகிறோம். எவர் தோற்றார் என்பது ஊரறிந்த செய்தி. அவர் சொன்னது பிழைதானா, பிழையெனில் எவ்வகைப் பிழை, அதற்கு மக்கள் அளித்த தீர்ப்பு தகுமா என்பனவே நம் வினாக்கள்.

முதலில் ஜார்ஜ் ரோம்னியை எடுத்துக்கொள்வோம். மிச்சிகன் மாநிலத்தின் கவர்னர். 1968ஆம் ஆண்டுத் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் முன்வரிசையில் நின்றவர். 1965 நவம்பரில் வியட்நாம் சென்று திரும்பியபோது அப்போரை ஆதரித்துப் பேசிய அவர், பின்னர்ச் சிறிது சிறிதாக மனம் மாறினார். 1967 ஆகஸ்ட் 31இல் டெட்ராய்ட் நகரத் தொலைக்காட்சிப் பேட்டியாளர் லூ கோர்டன் இம்முரண்பாட்டைச் சுட்டி விளக்கம் கேட்டார். தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் வியட்நாமில் தமக்குப் பெரியதொரு மூளைச் சலவை செய்து அனுப்பினர் என்று விடையிறுத்தார் ரோம்னி. அப்போரில் அமெரிக்கா இறங்கியிருக்க வேண்டியதே இல்லை என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். செப்டம்பர் 4இல் பேட்டி ஒளிபரப்பாயிற்று. பின்னுரைத்த கருத்தைக் கவனித்தோர் சிலரே. 'மூளைச் சலவை' மட்டும் நாடெங்கும் பரவிற்று.

இச்சொல்லைச் சற்றே நின்று நோக்க வேண்டும். 1950க்கும் 1953க்கும் இடையே நடைபெற்ற கொரியப் போரின்போது அமெரிக்கரிடையே வழக்கிற்கு வந்த சொல் இது. பகைவரின் சிறையில் அகப்பட்டுத் தம் அறிவின் மீதே ஆட்சியிழந்த போர்க் கைதிகளின் நிலையைக் குறிக்க எழுந்தது. ஆகையால் அதனைக் கேட்டோர் உள்ளத்தில் தோன்றியது, பொய்யுரைத்த தளபதியின் உருவம் அன்று. சிந்தனையைப் பறிகொடுத்த கைதியின் உருவமே. முப்படைக்கும் தலைவராக விழைந்த ஒருவர் தம்மைக் குறிக்கத் தாமே தேர்ந்துகொண்ட சொல் இது! 'தவறான தகவல் தந்தனர்' என்றிருந்தால் குற்றம் தந்தவர்மேல் நின்றிருக்கும். சொல்லாட்சி என்ற அளவில் இது பிழையே. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் தீர்ப்பு எப்படிச் சென்றது? அவருடைய சொந்த மாநிலத்து நாளேடான டெட்ராய்ட் நியூஸ், அவர் விலக வேண்டும் என்று தலையங்கம் தீட்டியது. உடன் சென்றிருந்த கவர்னர்களுள் சிலர், தம் மூளையை எவரும் சலவை செய்யவில்லையே என்றனர். இத்துணைப் பெரிய சலவை எதற்கு, இலேசாக அலசினாலே போதுமே என்று செனட்டர் யூஜின் மக்கார்த்தி நகையாடியதாகவும் ஒரு வழக்கு உண்டு. செல்வாக்குச் சரிந்து, 1968 பிப்ரவரி 28இல், நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலுக்கு இரு வாரங்கள் இருக்கும்போதே ரோம்னி விலகினார். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கி, வெற்றி அண்மையில் இருக்கிறது என்ற அரசின் கூற்றைப் பொய்யாக்கியிருந்தது. 1971 ஜூனில் பென்டகன் ஆவணங்கள் வெளிவந்தபோது, மக்களுக்கு உண்மை மறைக்கப்பட்டதை அரசின் சொந்த ஏடுகளே மெய்ப்பித்தன. அப்போரில் மாண்ட அமெரிக்க வீரர்கள் மட்டும் 58,000க்கு மேற்பட்டோர். வியட்நாமியரின் இழப்போ அதனினும் பன்மடங்கு. ஏமாற்றியவர்களை விட்டுவிட்டு, ஏமாந்ததை ஒப்புக்கொண்டவரைத் தண்டித்த தீர்ப்பு இது. ஒரு சொல்லின் குற்றத்திற்காக ஓர் உண்மையையே தள்ளிவைத்தனர் என்று நாம் துணிந்து கூறுவோம்.

எட்மண்ட் மஸ்கியின் கதையில் பேசியவரைவிட எழுதியவர்களே ஆய்வுக்குரியவர்கள். 1972இல் ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் நின்ற இந்த மெயின் மாநிலத்துச் செனட்டரையும், அவர் மனைவியையும் இழிவுசெய்து மான்செஸ்டர் யூனியன் லீடர் நாளேடு எழுதியது. பிரெஞ்சு வழி வந்த கனடியரைப் பழிக்கும் சொல்லை அவர் ஏற்றுச் சிரித்தார் என்றொரு கடிதத்தையும் வெளியிட்டது. பிப்ரவரி 26இல், பனி பொழிந்துகொண்டிருக்க, அவ்வேட்டின் அலுவலகத்தின் முன்னே ஒரு லாரியின் மீது நின்று மஸ்கி சினந்து பேசினார். இடையே குரல் தழுதழுத்தது. அவர் அழுதார் என்று வாஷிங்டன் போஸ்ட் ஏட்டின் டேவிட் பிராடர் முதலானோர் எழுதினர். முகத்தில் வழிந்தது உருகிய பனிநீரே என்றார் மஸ்கி. மார்ச் 7இல் நியூ ஹாம்ப்ஷயரில் 46 விழுக்காடு பெற்று அவர் வென்றார்; ஆனால் அதையும் தோல்வி என்றே பத்திரிகைகள் எழுதின. ஏப்ரல் இறுதியில் களத்தினின்று ஒதுங்கினார். அக்கடிதம் நிக்ஸன் தரப்பாரின் சூழ்ச்சிகளுள் ஒன்று என்ற செய்தி 1972 அக்டோபரில்தான் வெளிவந்தது. அச்சூழ்ச்சியை அறியாமல் தாம் எழுதியதைப் பின்னாளில் பிராடரே மறு ஆய்வு செய்தார். அது கண்ணீரா பனிநீரா என்று நாம் வழக்காடப் போவதில்லை. கண்ணீராகவே இருக்கட்டுமே! மனைவியைப் பழித்தவன் வாயிலில் நின்று குரல் தழுதழுத்தவரைக் கோழை என்று நம் வீடுகளில் எவரேனும் சொல்வரா?

ஜோ பைடனுடைய பிழை இவ்விரண்டினும் வேறானது. இலக்கியம் பயில்வோர்க்கு மிக நெருங்கிய பிழையும் இதுவே.

பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக் 1987 மே மாதம் ஓர் உரை நிகழ்த்தினார். ஆயிரம் தலைமுறையில் பல்கலைக்கழகம் புகுந்த முதல் கின்னக் தாமே என்றும், நிலத்தடியில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு மேலே வந்து கால்பந்து ஆடிய முன்னோர்க்கு அறிவோ வலிமையோ குறைவில்லை, ஏறி நிற்க ஒரு மேடைதான் இல்லை என்றும் உருக்கமாகப் பேசினார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகிய அவருக்கு அஃது அனுபவ வாக்கு. பைடன் அவ்வுரையில் ஈடுபட்டுத் தம் கூட்டங்களில் கின்னக்கின் பெயரைச் சொல்லியே எடுத்தாண்டார். ஆகஸ்ட் 23இல் ஐயோவா மாநிலப் பொருட்காட்சியில் நடைபெற்ற விவாதத்திலோ பெயர் விடுபட்டது. கின்னக் குடும்பம் இருந்த இடத்தில் பைடன் குடும்பம் வந்து அமர்ந்தது. வேல்ஸ் சுரங்கம் பென்சில்வேனியாச் சுரங்கமாயிற்று; எட்டு மணி நேர உழைப்பு பன்னிரண்டு மணியாய் வளர்ந்தது!

பிறர் கருத்தை மேடையில் ஆள்வது புதிதன்று; மேற்கோள் இல்லாத சொற்பொழிவு எங்கே இருக்கிறது? கருத்தைக் கடன் வாங்கினால் பெயரைச் சொல்லிக் கடனைத் தீர்த்துவிடலாம். இங்கே வாங்கப்பட்டவர்களோ பாட்டனும் பூட்டனும். கேட்டோரின் இரக்கம் இல்லாத சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சென்றது. இருந்தவர்களின் கதையோ, வேல்ஸில் ஒருவர் தம் வீட்டுத் துயரமாகச் சேர்த்துவைத்தது. ஒருமுறை மறந்துவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை. பெயரை மறக்கலாம், மணிக்கணக்கை மாற்றுவது மறதியாகாது. செப்டம்பர் 12இல் நியூயார்க் டைம்ஸ் இதனை வெளியிட்டது. ராபர்ட் கென்னடி முதலானோரின் வரிகளும் சட்டக் கல்லூரிக் கால ஏடொன்றும் அடுத்தடுத்து வெளிவர, செப்டம்பர் 23இல் அவர் விலகினார். இரு உரைகளையும் அடுத்தடுத்து வைத்து ஒளிநாடா தயாரித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவர் போட்டியாளர் டுகாக்கிஸின் தேர்தல் பொறுப்பாளர் ஜான் சாசோ. அவரும் அம்மாத இறுதியில் பதவி துறக்க நேர்ந்தது. நாடாவில் பொய் ஏதுமில்லை, இருந்தும் போனார்! பைடனோ 2020இல் ஜனாதிபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் 1987ஆம் ஆண்டின் தீர்ப்பு நேர்மையானது என்பதே நம் எண்ணம்.

எட்வர்ட் கென்னடியிடம் பிழைச் சொல்லும் இல்லை, இரவல் சொல்லும் இல்லை, சொல்லே இல்லை. ஜனாதிபதியாக ஏன் விரும்புகிறீர் என்று ரோஜர் மட் கேட்டார். 1979 நவம்பர் 4இல் ஒளிபரப்பான அப்பேட்டியில், நாட்டின் வளங்களைப் பற்றியும் மக்களின் திறனைப் பற்றியும் தொடர்பற்ற வாக்கியங்களாகத் தடுமாறினார் கென்னடி. மூன்று நாள் கழித்துத்தான் அவர் தம் போட்டியை முறையாக அறிவிக்க இருந்தார்! அடுத்த ஜனவரியில் ஐயோவாவில் கார்ட்டர் 59 விழுக்காடும் அவர் 31 விழுக்காடும் பெற்றனர். டெஹ்ரானில் பிணைக் கைதிகள் பிடிபட்டதனால் கார்ட்டரைச் சுற்றி நாடு திரண்டதும் அதற்கொரு காரணம். 1980 ஆகஸ்ட் 12இல், தோல்வி உறுதியான பின், நியூயார்க் மாநாட்டில் கென்னடி ஓர் உரை நிகழ்த்தினார். வேலையற்றோர், முதியோர், மருத்துவ வசதியற்றோர் ஆகியோரை முன்னிறுத்தித் தாம் எதற்காக நின்றோம் என்பதை அதில் தெளிவுறச் சொன்னார். அந்நாட்டின் சிறந்த அரசியல் உரைகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. மட் கேட்ட கேள்விக்குரிய விடை அவ்வுரையில் முழுமையாகவே இருக்கிறது.