எல்ம் மரங்களை வரைந்தவர்

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியத்தில் வழிகள் பல. நார்விச் நகரத்து ஓவியர்கள் 1803-இல் சங்கமாகக் கூடித் தங்கள் வட்டாரத்து ஆற்றையும் ஓக் மரத்தையும் வரைந்தார்கள். கான்ஸ்டபிள் மேகத்தை வரைந்தால் நாள், நேரம், காற்றின் திசை மூன்றையும் குறித்துவைப்பார். டர்னர் கோட்டையையும் ஆற்றையும் ஒளியிலேயே கரைத்துவிடுவார். சாமுவேல் பால்மருக்கு ஷோரம் கிராமத்து நிலவொளி போதும்.

என்னைக் கேட்டால், இந்த மரபுக்கு உரைகல் மரம்தான். கான்ஸ்டபிள் ஓர் எல்ம் மரத்தின் அடிப்பட்டையை மட்டும் முகம் வரைவதுபோல் வரைந்திருக்கிறார். ஆனால் திரிந்த நிலத்துக்கு அந்த மரபில் அளவுகோல் கிடையாது. நமக்குப் பாலை என்று ஒரு சொல்லாவது உண்டு. டர்னரின் வாட்டர்லூ ஓவியத்திலும் குவிந்து கிடப்பவை உடல்கள்தான், நிலத்துக்குக் காயமில்லை.

அந்த இடத்துக்குத்தான் பால் நாஷ் (1889–1946) வந்து சேர்ந்தார். வீட்டுத் தோட்டத்து எல்ம் மரங்களை வரைந்து பழகியவர்; மனித உருவம் அவ்வளவாகக் கைவராது. 1917-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் அதிகாரியாக இருந்தவர், மே மாத இரவொன்றில் பதுங்குகுழிக்குள் தவறி விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டு ஊர் திரும்பினார். சில நாள்களிலேயே அவருடைய படைப்பிரிவினர் பலர் ஹில் 60 என்ற குன்றின் மீதான தாக்குதலில் மாண்டார்கள். உயிரைக் காத்தது ஒரு சறுக்கல்.

அதே ஆண்டு நவம்பரில், அரசின் போர் ஓவியராகத் திரும்பவும் அங்கே போனார். ‘நாங்கள் புதிய உலகம் படைக்கிறோம்’ (1918) ஓவியத்தில் ஆளே இல்லை. குண்டு கிளறிய மண்மேடுகள், கிளையிழந்து நிற்கும் மரங்கள், அவற்றின் மேல் விடியும் சூரியன். தலைப்பில்தான் அத்தனை கோபமும். ஆள் வரையத் தெரியாத குறை இங்கே பலமாகிவிட்டது: பிணத்தின் வேலையை மரமே செய்கிறது. ‘மெனின் சாலை’ (1919) பத்தடிக்கு மேல் அகலம். அதில் வரும் வீரர்கள் அடிமரங்களுக்கிடையே எறும்புபோலத் தெரிகிறார்கள்.

அடுத்த போரில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே கௌலியில் குவித்திருந்த ஜெர்மானிய விமானச் சிதைவுகளை உறைந்த கடலலையாக்கினார். ஓவியத்துக்கு ஜெர்மன் மொழியிலேயே ‘டோட்டெஸ் மேர்’, செத்த கடல், என்று பெயர் வைத்தார்.

ஆஸ்துமா முற்றிய கடைசி ஆண்டுகளில், இளமையில் வரைந்த விட்டன்ஹம் குன்றின் மரத்தோப்புகளுக்கே திரும்பினார். ஏறிப் போக மூச்சில்லை. நண்பர் வீட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தே வரைந்தார்.