உரல் உடையாமல் இடிக்க முடியுமா?

2005-ல் இளையராஜாவின் 'திருவாசகம்' வந்தபோது சிடியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டதாகச் சொல்லும் திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அதனால் எங்க ஆட்களுக்கு இந்த ஆல்பத்தின் மேல் ஒரு உரிமை உண்டு. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சிருக்குன்னா பெருமை. குறை சொன்னால் சண்டை. நானும் ரொம்ப நாள் குறை சொல்லாமல்தான் இருந்தேன்.

சொல்ல வைத்தது ஒரு சீன ஆல்பம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பக்கத்து சீட்டு நண்பர் கொடுத்தது. தைவான் பாடகி டெரசா டெங் 1983-ல் பாடிய 'தான்தான் யோச்சிங்'. பன்னிரண்டு பாட்டு, எல்லாமே சோங் அரசர் காலத்தையும் அதற்குச் சற்று முந்திய காலத்தையும் சேர்ந்த கவிதைகள். ஒன்று சூ ஷி 1076-ல் தூரத்தில் இருந்த தம்பியை நினைத்து எழுதியது. ஆயிரம் வருஷத்துக் கவிதையை அந்தம்மா காதோரம் பேசுகிற மாதிரி பாடுகிறார். எனக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் சொல்லுக்கு முன்னால் இசை வந்து நின்று மறைக்கவில்லை என்பது தெரிந்தது.

அந்தக் கவிதை வகை, ஏற்கெனவே இருந்த மெட்டுக்கு வார்த்தை போட்டு எழுதுவது. மெட்டெல்லாம் பெரும்பாலும் தொலைந்துவிட்டது, வார்த்தை மட்டும் மிச்சம். இதைப் படித்தபோதுதான் நம்ம விஷயம் உறைத்தது. திருவாசகத்திலும் பாதி அப்படித்தானே? அம்மானை, சாழல், தெள்ளேணம், பொன்னூசல், பொற்சுண்ணம்: எல்லாம் பெண்கள் விளையாடும்போதும் வேலை செய்யும்போதும் பாடியவை. மாணிக்கவாசகர் அந்த ஆட்டத்துக்குள் சிவனை வைத்தார். அந்தப் பழைய மெட்டு இன்று இல்லை. ஓதுவார்கள் மோகனத்தில் பாடுகிறார்கள். அழகுதான், ஆனால் உலக்கைச் சத்தம் அதில் இல்லை.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம். சிம்பொனி என்று சொல்லிப் பழகிவிட்டோம். தனிக்குரல், கோரஸ், வாத்தியக் குழு, பக்தி நூல் என்று பார்த்தால் இது ஆரட்டோரியோ பக்கம் வரும். எல்லோரும் கொண்டாடுவது சிவபுராணத்தை. ஆறு பாட்டில் அதுதான் நீளம், ஏறக்குறைய இருபது நிமிடம். நூலின் முதலடியை விட்டுவிட்டு, 'நான் பொல்லாதவன்' என்று மனுஷன் ஒத்துக்கொள்ளும் இடத்தில் ராஜா எடுக்கிறார். பெரிய முடிவு அது, சரியான முடிவும்கூட. ஆனால் நடுவே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் வரும்போது எனக்குப் பாட்டு நின்று, விளக்கவுரை ஆரம்பிக்கிறது. புல்லாய், பூண்டாய், புழுவாய்ப் பிறந்து களைத்தவன் பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு பொது மனுஷன் வந்துவிடுகிறான். வெளிநாட்டுக்காரருக்குப் புரியணும்னு செய்தது. டெரசா டெங் எனக்குப் புரியணும்னு ஒன்றும் செய்யவில்லை, நான் தேடிப் போனேன்.

பொற்சுண்ணம் வேறு கதை. இறைவன் நீராட வாசனைப்பொடி இடிக்கும் பாட்டு. சிடியை முதல்முறை போட்டபோது அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. மத்ததுக்கெல்லாம் சும்மா இருந்தது, இதுக்கு மட்டும் தொடையில் தட்ட ஆரம்பித்தது. எதிரே ஒருத்தி நிற்க மாத்தி மாத்தி உலக்கை போட்டுக் கம்பு குத்திய கை. முடிந்ததும் சொன்னது: "இடிக்கிற பாட்டு மாதிரிதாம்ப்பா இருக்கு. ஆனா இத்தன பேரு சேந்து இடிச்சா உரலு ஒடஞ்சிரும்."

இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. ஆட்டத்தைப் பிடித்த ராஜாவுக்குப் பாராட்டும் அதில் இருக்கு, அளவு பற்றிய புகாரும் இருக்கு. சாழலும் தெள்ளேணமும் இந்த ஆல்பத்தில் இல்லை. யாராவது எடுத்தால் ரெண்டு குரல், ஒரு தவில் போதும்.